மலர் வேறுபாடும் நில வேறுபாடும்

ஓரினச் செடியே எனினும், அது வளரும் இடந்தோறும் அதன் மலர் ஒரே தன்மையதாக இருப்பதில்லை. அளவும் நிறமும் மணமும் இடத்துக்கு இடம் வேறுபடுகின்றன. இதற்குக் காரணம் மலரை நாடும் பூச்சியா, செடியைத் தாங்கும் நிலமா? இவ்வினாவுக்கு அறிஞர் விடை கண்ட வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் காண்போம்.

செருமானிய நாட்டில் ஸ்பாண்டோ நகரத்துப் பள்ளித் தலைவராக விளங்கிய கிறிஸ்டியன் கொன்ராட் ஸ்பிரெங்கல், மலரின் நிறமும் மணமும் தேனும் பூச்சிகளை வரவழைத்து மகரந்தச் சேர்க்கையை நிகழ்விக்கவே அமைந்தன என 1793இல் ஒரு நூலில் விளக்கினார். அக்காலத்தார் அதனைப் போற்றிலர். பின்னர் வந்த சார்லஸ் டார்வினே அதன் அருமையை உணர்ந்தார். மடகாஸ்கர் தீவின் ஆர்க்கிட் மலரொன்றில் பதினோரு அங்குலத்துக்கு மேற்பட்ட தேன்குழலைக் கண்ட டார்வின், அத்துணை நீண்ட நாவுடைய அந்துப்பூச்சி ஆங்கு வாழ்தல் வேண்டும் என 1862இல் எழுதினார். அத்தகைய பூச்சி 1903இல் அறிவிக்கப்பெற்றது. எனினும், இச்சான்று ஓரினத்தின் மலர் ஏன் இவ்வாறு அமைந்தது என்பதையே விளக்கும். ஓரினத்துள்ளேயே இடந்தோறும் காணும் வேறுபாட்டை விளக்காது.

அக்குறையை நிரப்பிய ஆய்வுகளுள் ஒன்று, அமெரிக்காவின் இராக்கி மலைத்தொடரில், கொலராடோ மாநிலத்தில் காண்டேஸ் கேலன் என்னும் அறிஞர் நிகழ்த்தியது. அவர் ஆராய்ந்தது பொலிமோனியம் விஸ்கோசம் என்னும் நீல மலர்ச் செடி. மரங்கள் வளரும் மேல் எல்லையில் இதனை ஈக்கள் முதலிய பலவகைப் பூச்சிகள் நாடுகின்றன. அதற்கும் மேல், மரமற்ற உச்சியில், பம்பிள் எனப்படும் பருத்த தேனீக்களே பெரும்பாலும் நாடுகின்றன. உச்சியிலுள்ள மலர்கள் கீழுள்ளவற்றினும் ஏறத்தாழ 12 விழுக்காடு அகன்றவை. தேனீக்கள் மட்டுமே நாடிய செடிகளின் வழித்தோன்றல்கள், கையால் மகரந்தம் சேர்த்த செடிகளின் வழித்தோன்றல்களினும் சராசரியாக 9 விழுக்காடு அகன்ற மலர் ஈன்றன என அவர் 1996இல் வெளியிட்டார். ஒரு தலைமுறையிலேயே பூச்சியின் விருப்பம் மலரின் அளவை மாற்றவல்லது என்பது இதனாற் பெறப்படும்.

அங்ஙனமாயின் எல்லா இடத்தும் மலர்கள் அகன்றுகொண்டே செல்லாமை என்னை? மலரிதழ்கள் வழியே நீர் ஆவியாகிறது. பெரிய மலர் மிகுந்த நீரைச் செலவிடுதலின், வறண்ட நிலத்தில் அது செடிக்குச் சுமையாகும். எறும்புகளும் தேனைக் கவர்ந்து மலரைச் சிதைக்கும். முடைநாற்றமுடைய மலர்களை அவை அணுகா. அத்தகைய மலர்கள் கீழெல்லையிலேயே மிகுதி. எனவே, பூச்சி ஒருபுறம் ஈர்க்க, நிலமும் நீரும் பகையும் மறுபுறம் தடுக்க, அவற்றிடையே அமைந்த இணக்கமே ஓரிடத்து மலரின் வடிவம் எனல் பொருந்தும்.

இவ்விணக்கம் நிலைபேறுடையதன்று. அதே மலைப்பகுதியில் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளில் பம்பிள் தேனீக்களின் நா குறுகிவிட்டது என 2015இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டிற்று. வெப்பம் மிகுந்து மலர்வளம் குன்றவே, பல மலர்களையும் நாடவல்ல குறுநாத் தேனீக்கள் மேம்பட்டன. மலர்க்குழல்களோ அதற்கேற்பக் குறுகவில்லை. ஓரினத்தின் சில செடிகளை எங்கேனும் காத்துவிட்டால் அவ்வினத்தைக் காத்தோம் என்று அமைதல் ஆகாது. ஒவ்வோர் இடத்து மலரும் அவ்விடத்துப் பூச்சியோடும் நிலத்தோடும் கொண்ட தொடர்பின் வரலாறாகும். அத்தொடர்பு அற்றபின் அவ்வடிவத்தை மீட்டல் அரிது.