எப்வொர்த் குருமனையில் ஒரு தரங்கம்பாடிப் புத்தகம்

மெதடிஸ்த சபையின் தந்தை ஜான் வெஸ்லியின் தாயார் சுசன்னாவை நம் ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரியும். பத்தொன்பது பிள்ளை பெற்றவர், வளர்ப்பில் கண்டிப்பானவர், ஜெபத்தில் உறுதியானவர் என்று அன்னையர் தினப் பிரசங்கங்களில் ஆண்டுதோறும் அவர் பெயர் வரும். அவருக்கும் தரங்கம்பாடிக்கும் ஒரு தொடர்பு உண்டு என்று எந்தப் பிரசங்கத்திலும் நான் கேட்டதில்லை. 1712-இல் அவர் தம் கணவருக்கு எழுதிய கடிதம் ஒன்றில் அந்தத் தொடர்பு சில வரிகளில் பதிவாகியிருக்கிறது. அந்த வரிகளின் தடத்தைப் பிடித்துப் போனபோது கிடைத்தவற்றை இங்கே வைக்கிறேன்.

கடிதம் வெளிவந்த விதம்

சுசன்னா 1742 ஜூலையில் லண்டனில் காலமானார். பன்ஹில் ஃபீல்ட்ஸ் கல்லறைத் தோட்டத்தில் அவரை அடக்கம் செய்ததைத் தம் நாட்குறிப்பில் எழுதும் ஜான் வெஸ்லி, அதே இடத்தில் தாயாரின் இரண்டு கடிதங்களையும் சேர்த்து அச்சிட்டார்.

ஒன்று, 1732 ஜூலை 24 தேதியிட்ட பிள்ளை வளர்ப்புக் கடிதம். ஐந்து வயது நிறைந்த மறுநாள் பிள்ளைக்கு எழுத்துப் பாடம் தொடங்கும். ஒரே நாளில் நெடுங்கணக்கு முழுவதும் படிந்துவிட வேண்டும். இரண்டு பெண்களுக்கு மட்டும் ஒன்றரை நாள் ஆனது. எழுத்துத் தெரிந்ததும் நேரே ஆதியாகமத்தின் முதல் அதிகாரம். நாளுக்கு ஆறு மணி நேரம் வீட்டிலேயே பள்ளி. இந்தக் கடிதம் உலகம் முழுக்கப் பரவி, சுசன்னா என்றால் இதுதான் என்று ஆகிவிட்டது.

மற்றொரு கடிதத்தை அவ்வளவு பேர் படிக்கவில்லை. அதில் '1711-12 பிப்ரவரி 6' என்று இரட்டை ஆண்டு போட்டிருக்கும். 1752-க்கு முன் இங்கிலாந்தில் புத்தாண்டு மார்ச் 25-இல்தான் பிறந்தது. நம் கணக்குப்படி அது 1712. கணவர் சாமுவேல் வெஸ்லி அப்போது குருமார் பேரவைக்காக லண்டன் போயிருந்தார். லிங்கன்ஷயரின் எப்வொர்த் குருமனையில் பிள்ளைகளோடு சுசன்னா இருந்தார்.

ஞாயிறு மாலைகளில் அவர் தம் பிள்ளைகளுக்கும் வேலையாட்களுக்கும் ஜெபம் சொல்லி, ஒரு பிரசங்கம் படித்துக் காட்டுவது வழக்கம். வேலைக்காரப் பையன் இதைத் தன் பெற்றோரிடம் சொன்னான். அவர்கள் தாங்களும் வரலாமா என்று கேட்டார்கள். அவர்களைப் பார்த்து அக்கம்பக்கத்தார் வந்தார்கள். உதவிக் குருவுக்கு இது பிடிக்கவில்லை. பெண்பிள்ளை இப்படிச் செய்வது பார்வைக்கு நன்றாக இல்லை என்று கணவரும் லண்டனிலிருந்து எழுதினார். அதற்கான பதில்தான் இந்தக் கடிதம்.

தாம் ஒரு பெண், அதோடு ஒரு பெரிய குடும்பத்தின் தலைவியும்கூட என்று சுசன்னா தொடங்குகிறார். நீங்கள் இல்லாத நாட்களில் இந்த ஆத்துமாக்களுக்குக் கணக்குச் சொல்ல வேண்டியவள் நான் என்கிறார். ஆண் ஒருவர் படிக்கலாமே என்ற கேள்விக்கு, வருகிறவர்களில் எழுத்துக் கூட்டாமல் ஒரு பிரசங்கத்தைப் படித்து முடிக்கக்கூடியவர் எவரும் இல்லை என்று பதில் சொல்கிறார். இடையில்தான் அந்தக் குறிப்பு வருகிறது. நீங்கள் லண்டன் போன பிறகு மூத்த மகள் எமிலியா உங்கள் படிப்பறையில் டேனிஷ் மிஷனரிகளைப் பற்றிய புத்தகத்தைக் கண்டெடுத்தாள். அதைப் படிக்கச் சொல்லிக் கேட்டேன். என் மனத்தை இவ்வளவு அசைத்தது வேறெதுவும் இல்லை. பல நாள் வேறு நினைப்பே ஓடவில்லை என்கிறார்.

எந்தப் புத்தகம்?

அவர் புத்தகத்தின் பெயரைச் சொல்லவில்லை, ஊரின் பெயரையும் சொல்லவில்லை. ஆனால் அந்நாளில் ஆங்கிலத்தில் பேசப்பட்ட டேனிஷ் மிஷனரிகள், டென்மார்க் அரசர் நான்காம் ஃபிரெடெரிக் அனுப்பி 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் கரையிறங்கிய சீகன்பால்கும் புளூட்சோவும்தான். இருவரும் பிறப்பால் ஜெர்மானியர்கள். ஊருக்கு எழுதிய கடிதங்களும் ஜெர்மன் மொழியில்தான் இருந்தன. அவற்றை ஆங்கிலமாக்கியவர் லண்டனில் இருந்த அந்தோன் வில்ஹெல்ம் போமே. அரசி ஆனின் கணவர் டென்மார்க் இளவரசர் ஜார்ஜுக்குச் சமய குருவாக இருந்தவர். கிழக்கில் நற்செய்தி பரவியதைச் சொல்லும் அந்த நூல் 1709-இல் லண்டனில் வெளியானது. அதன் தலைப்பு 'மலபார்' என்றுதான் சொல்கிறது. சோழமண்டலக் கரைத் தமிழரையும் ஐரோப்பியர் அன்று மலபாரிகள் என்றே குறித்தார்கள். தலைப்பை மட்டும் பார்க்கிறவர்கள் தரங்கம்பாடியைத் தவறவிட இது ஒரு காரணம்.

ஆண்டு பொருந்துகிறதா என்று சரிபார்க்க ஒரு தீவிபத்து உதவுகிறது. 1709 பிப்ரவரி 9 இரவில் எப்வொர்த் குருமனை முழுவதும் எரிந்துபோனது. ஐந்து வயது ஜான் மாடி ஜன்னல் வழியாகக் காப்பாற்றப்பட்டது அன்றுதான். கர்ப்பிணியாக இருந்த சுசன்னா நெருப்பினூடே நடந்து வெளியே வந்தார். சாமுவேலின் நூலகமும் கையெழுத்துப் படிகளும் சாம்பலாயின. ஆகவே 1712-இல் அந்தப் படிப்பறையில் கிடைத்த புத்தகம் தீக்குப் பிறகு வாங்கியதாகவே இருக்க வேண்டும். போமேயின் மொழிபெயர்ப்பு வந்த ஆண்டோடு இது சரியாகப் பொருந்துகிறது.

கடனில் மூழ்கிய ஒரு நாட்டுப்புறக் குருவானவர் அதை ஏன் வாங்கினார்? 1705-இல் முப்பது பவுனுக்கும் குறைந்த கடனுக்காக லிங்கன் கோட்டைச் சிறையில் கிடந்தவர் சாமுவேல். செலவுக்கு வைத்துக்கொள்ளச் சொல்லி சுசன்னா தம் மோதிரங்களை அனுப்ப, அவர் வாங்காமல் திருப்பி அனுப்பினார். அப்படிப்பட்ட வறுமையிலும் அவருக்குக் கிழக்கு நாடுகளில் ஊழியம் செய்யும் ஆசை இருந்தது. இந்தியா, சீனம், அபிசீனியா வரை நீண்ட ஒரு மிஷன் திட்டத்தை எழுதி, தாமே போகவும் முன்வந்தார். திட்டம் நிறைவேறவில்லை. அதைப் படித்த பிறகு அந்தப் புத்தகம் அவர் படிப்பறையில் இருந்ததில் எனக்கு வியப்பில்லை. கணவர் போக விரும்பிய கிழக்கிலிருந்து வந்த செய்தி மனைவியின் கையில் சேர்ந்தது.

வரிசையைச் சரிபார்த்தல்

தரங்கம்பாடிப் புத்தகத்தைப் படித்ததால்தான் சுசன்னா கூட்டம் தொடங்கினார் என்று சுருக்கிச் சொல்வது எளிது. கடிதம் அப்படிச் சொல்லவில்லை. கூட்டம் முன்பே இருந்தது. முந்தைய குளிர்காலத்தில் அது நாற்பது பேரை அரிதாகவே தாண்டியது. புத்தகத்தைக் கேட்ட பிறகு அவர் இரண்டு முடிவுகள் எடுத்தார்.

முதல் முடிவு சொந்தப் பிள்ளைகளைப் பற்றியது. ஒவ்வொரு மாலையும் ஒரு பிள்ளையைத் தனியே அழைத்து அதன் ஆத்தும நிலை குறித்துப் பேசுவது. திங்கள் மேரி, செவ்வாய் ஹெட்டி, புதன் ஆன், வியாழன் ஜான், வெள்ளி மார்த்தா, சனி சார்லஸ், ஞாயிறு எமிலியாவும் இளைய சுசன்னாவும். இரண்டாவது முடிவு, வருகிற அயலாரோடு இன்னும் மனம்விட்டு, அன்போடு பேசுவது. இருப்பதில் மிகச் சிறந்த பிரசங்கங்களைத் தேர்ந்து படிப்பது. அதன் பிறகே கூட்டம் பெருகியது. கடிதம் எழுதுவதற்கு முந்தைய ஞாயிறன்று இருநூறு பேருக்கு மேல் வந்தார்கள். நிற்க இடமில்லாமல் பலர் திரும்பிப் போனார்கள்.

ஆக, அந்தக் கூட்டத்தைத் தரங்கம்பாடி உண்டாக்கவில்லை, அதற்கு உயிரூட்டியது. ஆவணம் இவ்வளவுதான் சொல்கிறது, இதுவே போதுமானது.

கணவர் மறுபடியும் தடுத்தபோது, பிப்ரவரி 25 அன்று சுசன்னா இன்னொரு கடிதம் எழுதினார். கூட்டத்தைக் கலைப்பது உங்கள் விருப்பம் என்று எழுத வேண்டாம், அது என் மனச்சாட்சிக்குப் போதாது. கிறிஸ்துவின் நியாயாசனத்தின் முன் நாம் நிற்கும் நாளில் என்மேல் குற்றம் வராதபடி வெளிப்படையாகக் கட்டளையிடுங்கள் என்றார்.

அதே பெண்தானா?

இப்படி எழுதிய பெண் ஒரு நாளில் உருவானவர் அல்ல என்பதற்கு இன்னொரு ஆவணம் உண்டு. அரசர் மூன்றாம் வில்லியமுக்கான ஜெபத்துக்கு சுசன்னா ஆமென் சொல்லாததால் கணவர் பிரிந்துபோனார், அரசர் இறந்ததும் திரும்பினார் என்று ஒரு குடும்பக் கதை உண்டு. நெடுங்காலம் அதைக் கதையாகவே சொல்லி வந்தார்கள். 1953-இல் ராபர்ட் வாம்ஸ்லி, சுசன்னா அந்த நாட்களிலேயே சீமாட்டி யார்பரோவுக்கும் ஜார்ஜ் ஹிக்ஸ் என்ற குருவானவருக்கும் எழுதிய கடிதங்களை வெளியிட்டார். அவை 1702-ஐச் சேர்ந்தவை. வில்லியம் அந்த ஆண்டு மார்ச் 8-இல் இறந்தார். பிணக்கு அதோடு தீரவில்லை. அந்தக் கோடையில் குருமனையின் பெரும்பகுதி எரிந்த பிறகே கணவர் மனம் மாறினார். ஜான் பிறந்தது 1703 ஜூனில்.

அவர் கருத்தில் நான் தலையிடாதபோது என் மனச்சாட்சியின் சிறு சுதந்திரத்தை அவர் ஏன் பறிக்க வேண்டும் என்பதே அந்தக் கடிதங்களின் சாரம். பத்தாண்டுக்குப் பின் எப்வொர்த் குருமனையிலிருந்து வந்த பதிலும் அதே குரல்தான்.

விளைவு

ஜான் வெஸ்லி ஆக்ஸ்ஃபோர்டில் ஆசிரியராக ஆன பிறகும், அந்த வியாழக்கிழமை மாலையின் சிறு பங்கைத் தமக்குத் தரும்படி தாயாருக்கு எழுதினார். குருப்பட்டம் பெறாத தாமஸ் மேக்ஸ்ஃபீல்ட் லண்டனில் பிரசங்கிக்கத் தொடங்கியபோது ஜான் அதை நிறுத்த விரைந்து வந்தார். அந்த இளைஞரைக் கவனமாகக் கேட்டுவிட்டு முடிவெடு, உன்னைப் போலவே அவரும் அழைக்கப்பட்டவர் என்று தடுத்தவர் சுசன்னா என்று வெஸ்லியின் வரலாற்றை எழுதியவர்கள் சொல்கிறார்கள். மெதடிஸ்த இயக்கம் குருப்பட்டமில்லாத பிரசங்கிகளால் வளர்ந்தது. 1712-இன் கடிதத்தை அச்சிடும்போது தம் தாயாரும் ஒருவகையில் நீதியைப் பிரசங்கித்தவரே என்று ஜான் குறித்தார். அந்த மதிப்பீடு மிகையில்லை.

1814-இல் அதே இயக்கத்தின் மிஷனரிகள் இலங்கையின் காலியில் இறங்கினார்கள்; சிலர் யாழ்ப்பாணம் வந்தார்கள். அவர்களில் ஒருவரான ஜேம்ஸ் லிஞ்ச் 1817-இல் சென்னைக்கு வந்தார். தரங்கம்பாடியிலிருந்து எப்வொர்த்துக்குப் போன செய்திக்கும் இந்த வருகைக்கும் நேர்க்கோடு போட முடியாது. ஆனால் தமிழ்த் திருச்சபையின் வரலாற்றில் சுசன்னா வெஸ்லிக்கு ஒரு பத்தி உரிமையாக உண்டு.

சுசன்னாவின் எழுத்துகள் சார்லஸ் வாலஸ் பதிப்பித்து 1997-இல் ஒரே தொகுதியாக வந்துவிட்டன. ஒரு போதகரின் மனைவி எழுதிய கடிதங்களைக் குடும்பம் பத்திரப்படுத்தியதால்தான் இது முடிந்தது. நம் ஊர்களிலும் எத்தனையோ ஐயரம்மாக்கள் குருமனைகளில் இருந்தபடி பெண்களுக்கு எழுத்துச் சொல்லிக் கொடுத்தார்கள், ஜெபக் கூட்டம் நடத்தினார்கள், கணவர் வெளியூரில் இருந்த நாட்களில் சபையைத் தாங்கினார்கள். அவர்களுடைய கடிதங்களும் கணக்குப் புத்தகங்களும் உங்கள் வீட்டுப் பெட்டியில் இருந்தால், தயவுசெய்து பழைய தாளுக்குப் போட்டுவிடாதீர்கள். அருகிலுள்ள நூலகத்திலோ சபை ஆவணக் காப்பகத்திலோ ஒப்படையுங்கள்.