சாட்சியக் கோப்பு கைமாறும் வழி: மறையாக்கமும் அதன் எல்லையும்

வன்கொடுமை வழக்குகளில் முதல் ஒளிப்படமும் காணொளியும் பெரும்பாலும் பாதிக்கப்பட்ட தெருவைச் சேர்ந்த ஒருவரின் கைப்பேசியில்தான் இருக்கின்றன. அவை வழக்கறிஞரின் கணினியை அடைவதற்குள் கோப்பு சிதையலாம். சாட்சியின் முகம் எதிர்த்தரப்பின் கைக்கும் போகலாம். பாலியல் வன்முறைக்கு உள்ளானவரின் அடையாளம் வெளியானால் அது பாரதிய நியாய சன்ஹிதாவின் 72ஆம் பிரிவின்படி தனிக் குற்றமுமாகும்.

வாட்ஸ்அப்பில் ஒளிப்படமாக அனுப்பினால் கோப்பு சுருக்கப்படுகிறது. எடுத்த நேரம், இடம் ஆகிய உள்விவரங்கள் நீங்கிவிடுகின்றன. மின்னஞ்சலில் அனுப்பினால் நிறுவனத்தின் வழங்கியில் ஒரு படி தங்கிவிடுகிறது. இவற்றுக்கு மாற்றாக அமைவன, ‘பியர்-டு-பியர்’ எனப்படும், கணினிக்குக் கணினி அனுப்பும் மறையாக்கக் கருவிகள்.

பிரையன் வார்னர் உருவாக்கிய ‘மேஜிக் வோர்ம்ஹோல்’ ஓர் எண்ணும் இரண்டு சொற்களும் கொண்ட குறியீட்டைத் தருகிறது. அதைத் தொலைபேசியில் வாசித்துக் காட்டினால் போதும். அச்சிறு குறியீட்டிலிருந்தே இரு கணினிகளும் வலிமையான திறவுகோலை உருவாக்கிக்கொள்கின்றன. இடைமறிப்பவருக்கு ஒரே ஒரு முறைதான் ஊகிக்க வாய்ப்பு. அது பலிக்கும் சாத்தியம் 65,536இல் ஒன்று. ஆனால் நேரடி இணைப்பில் இருவரின் ஐ.பி. முகவரியும் ஒருவருக்கொருவர் தெரிந்துவிடும். அதுவும் மறைய வேண்டுமெனில், மைக்கா லீ உருவாக்கிய, டோர் வலையமைப்பின் வழி இயங்கும் ‘ஆனியன்ஷேர்’ ஏற்றது. வேகம் குறைவு, பெறுநர் இறக்கி முடிக்கும்வரை அனுப்புநரின் கணினி இயங்கிக்கொண்டிருக்க வேண்டும். நம் ஊர் மின்வெட்டில் இது சிறிய நிபந்தனையன்று.

அனுப்புமுன் கோப்பின் ‘ஹாஷ்’ மதிப்பைக் குறித்துவைத்தல் இன்றியமையாதது. எஸ்.எச்.ஏ.-256 முறை எந்தக் கோப்புக்கும் 64 குறிகள் கொண்ட கைரேகையைத் தரும். ஒரு பிட் மாறினாலும் கைரேகை வேறாகிவிடும். 2024 ஜூலை 1 முதல் நடப்பிலுள்ள பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவு கோரும் சான்றிதழிலேயே இம்மதிப்பை எழுத இடம் உள்ளது. படி போய்ச் சேர்ந்துவிட்டதென்று மூலக் கைப்பேசியிலிருந்து கோப்பை அழித்துவிடலாகாது.

இக்கருவிகள் காப்பது வழியை மட்டுமே. வழியின் இரு முனைகளிலும் உள்ள கணினிகளை அல்ல. பீமா கோரேகான் வழக்கில் கைதான ரோனா வில்சனின் மடிக்கணினியை ஆராய்ந்த அமெரிக்காவின் ஆர்சனல் கன்சல்டிங், 2021இல் வெளிவந்த அறிக்கையில், ‘நெட்வயர்’ என்னும் தீநிரல் வழியாக அதில் ஆவணங்கள் புகுத்தப்பட்டதாகக் கூறியது. தேசியப் புலனாய்வு முகமை அதை ஏற்கவில்லை. அறிக்கையின்படி, ஊடுருவலுக்கு வாயிலானது மின்னஞ்சலில் வந்து திறக்கப்பட்ட ஓர் ஆவணம். அவ்வாறு பிறர் கைக்குள் போன கணினியில் திறந்திருக்கும் கோப்பை எந்த மறையாக்கமும் மறைக்காது. ஆதலால் சாட்சியங்களைக் கையாளும் கணினியை நிலைவட்டு முழுவதும் மறையாக்கம் செய்து, இயங்குதளத்தைப் புதுப்பித்து, அறிமுகமற்ற இணைப்புகளைத் திறக்காத தனிக் கணினியாக ஒதுக்கிவைப்பதே நன்று. ஒரு வட்டாரத்துக்கு அத்தகைய பழைய மடிக்கணினி ஒன்று போதும்.