மூளை அலைப் பயிற்சியின் சரித்திரம்

தன் மூளையில் எழும் மின்னலைகளைத் திரையில் கண்டும் ஒலியாகக் கேட்டும், அவற்றை வேண்டியவாறு திருத்திக்கொள்ள மனிதன் பழகுகின்ற நியூரோஃபீட்பேக் என்னும் பயிற்சி, இன்று மனச் சாந்தியை நாடுவோருக்கு பல இடங்களில் சிபாரிசு செய்யப்படுகிறது. அது பிறந்து வளர்ந்த சரித்திரத்தை அறிந்தவர்களுக்கே, அதனிடம் எதை எதிர்பார்க்கலாம், எதை எதிர்பார்க்கலாகாது என்பது தெளிவாகும்.

விலங்குகளின் மூளையில் மின்சாரம் ஓடுவதை, லிவர்பூல் நகரத்து வைத்தியர் ரிச்சர்ட் கேட்டன் 1875-ஆம் ஆண்டிலேயே கண்டறிந்து வெளியிட்டார். மனித மூளையில் அதனைப் பதிவுசெய்த பெருமை, ஜெர்மனியில் யேனா சர்வகலாசாலையின் மனநோய் மருத்துவர் ஹான்ஸ் பெர்கரைச் சேர்ந்தது. வாலிபத்தில் ராணுவத்தில் பணிபுரிந்தபோது குதிரையிலிருந்து விழுந்து உயிர் தப்பிய அன்றே, தொலைவிலிருந்த தம் சகோதரி இனந்தெரியாத அச்சத்தால் கலங்கித் தந்தையைக் கொண்டு தந்தி கொடுக்கச் செய்தாள் என்று அறிந்த பெர்கர், எண்ணம் என்பது அளக்கக்கூடிய சக்திதானா என்னும் வினாவையே தம் வாழ்நாள் ஆராய்ச்சியாக்கிக்கொண்டார். 1924-இல் முதற் பதிவைப் பெற்றும் ஐந்தாண்டுகள் மௌனம் காத்து, மீண்டும் மீண்டும் பரீட்சித்த பின்னரே 1929-இல் அதனை வெளியிட்டார். கேம்பிரிட்ஜில் ஆராய்ச்சியாளர்கள் ஏட்ரியனும் மாத்யூஸும் 1934-இல் உறுதிப்படுத்தும்வரை அவரை நம்பியவர் சிலரே. எண்ணம் ஒரு தலையிலிருந்து மற்றொரு தலைக்குத் தாவும் மர்மத்தைத் தேடிப் புறப்பட்டவருக்குக் கிட்டியது, கண்மூடி ஓய்ந்திருப்பவனிடம் விநாடிக்கு 8 முதல் 13 தடவை வரை எழும் ஆல்பா அலை.

அந்த அலை எழுவதை அதற்குரியவனே உணர முடியுமா என்று, 1950-களின் இறுதியில் சிகாகோ சர்வகலாசாலையில் ஆராய்ச்சியாளர் ஜோ காமியா கேட்டார். இருண்ட அறையில் ஒருவனைப் படுக்கவைத்து, மணி ஒலிக்கும்போதெல்லாம் ஆல்பா உண்டா இல்லையா என்று ஊகிக்கச் செய்து, விடை சரியா தவறா என்பதை அவ்வப்போதே தெரிவித்தார். சுருதி விலகியதை ஆசான் உடனுக்குடன் சுட்டக் கேட்டுச் சீடன் குரலைத் திருத்திக்கொள்வதுபோல, முதல் நாளில் பாதியளவே சரியாகச் சொன்னவன், நாலைந்து நாள்களில் ஏறக்குறைய பிழையின்றிச் சொல்லலானான். உணரக் கற்றவர்கள், அலையை விரும்பி எழுப்பவும் கற்றனர்.

மறுபுறம், கலிபோர்னியாவில் ஆராய்ச்சியாளர் பாரி ஸ்டெர்மன், விநாடிக்கு 12 முதல் 15 வரை எழும் ஓர் அலை தோன்றும்போதெல்லாம் பாலும் இறைச்சிச் சாறும் கொடுத்துப் பூனைகளைப் பழக்கியிருந்தார். பின்னர் ராக்கெட் எரிபொருள் ஒன்றின் நச்சுத்தன்மையை ஆராய்கையில், அந்நச்சால் மற்றப் பூனைகளுக்கு விரைவில் வலிப்புக் கண்டிருக்க, பழகிய பூனைகள் நெடுநேரம் தாக்குப்பிடித்ததைக் கண்டு வியந்தார். இந்த எதிர்பாராத நிகழ்ச்சியே, 1972-இல் காக்காய் வலிப்புள்ள ஒருவருக்கு இப்பயிற்சி அளித்த முடிவை வெளியிடுவதற்கும், அதன்பின் ஜோயல் லூபார் கவனம் நிலைக்காத குழந்தைகளிடம் அதனைப் பிரயோகிப்பதற்கும் வழிகாட்டிற்று.

இதற்கிடையே, சமாதி நிலையிலிருக்கும் யோகிகளிடம் ஆல்பா அலை இடையறாது நிலைப்பதை டில்லியில் ஆராய்ச்சியாளர் ஆனந்தும் அவருடைய சகாக்களும் 1961-இல் அறிவித்திருந்தனர். அந்த அலை கிட்டினால் அந்த நிலையும் கிட்டிவிடும் என்னும் ஆசையில், 1970-களில் ஆல்பா கருவிகள் அமெரிக்கக் கடைகளில் விற்பனைக்கு வந்தன. ஆனால், வெறுமனே கண்மூடி அமர்ந்தாலே பெருகும் அளவுக்கு மேல் பயிற்சியால் ஆல்பா பெருகுவது அரிது என்றும், பயின்றவர்கள் அனுபவித்த ஆனந்தத்தில் எதிர்பார்ப்புக்கும் பெரும்பங்கு உண்டு என்றும் ஆராய்ச்சிகள் காட்டின. அண்மையில் கவனக்குறைவுள்ள குழந்தைகளிடம் நடந்த கண்டிப்பான பரீட்சையிலும், உண்மைப் பயிற்சி பெற்றவரும் போலிப் பயிற்சி பெற்றவரும் ஏறக்குறைய ஒரே அளவில்தான் முன்னேறினர்.

ஆகவே, மூளை தன் அலையை மாற்றக் கற்கும் என்பது ஒன்று. அம்மாற்றமே மனத் துயரைத் தீர்க்கும் என்பது வேறொன்று. முன்னது மெய்ப்பிக்கப்பட்டது, பின்னது ஒவ்வொரு நோய்க்கும் தனித்தனியே மெய்ப்பிக்கப்பட வேண்டுவது. இப்பயிற்சியை நாடுவோர், வைத்தியர் தந்த மருந்தை அதன்பொருட்டு நிறுத்தாமலும், பயிற்றுவிப்பவரின் தகுதியையும் அவர் காட்டும் சான்றையும் விசாரியாமல் பெரும்பொருள் கொடுக்காமலும் இருப்பார்களாக. வெளியிடுமுன் ஐந்தாண்டுகள் தம்மையே சோதித்துக்கொண்ட பெர்கரின் நிதானம், இக்கலையை விற்பவருக்கும் வாங்குபவருக்கும் இன்று மிக அவசியம்.