ஈரலில் பிறந்த ஊசி

நுரையீரலில் புற்று வந்த பகுதியை வெட்டி எடுத்த மறுநாள். சிஸ்டர் வந்து நோயாளியின் வயிற்றில், தொப்புளிலிருந்து இரண்டு அங்குலம் தள்ளி, சதையைக் கிள்ளிப் பிடித்து ஊசி போடுகிறார். மருந்து நிரப்பியே வரும் ஊசி. உள்ளே ஒரு காற்றுக்குமிழி தெரிகிறது.

"காத்து இருக்கே சிஸ்டர், தட்டி எடுக்கலையா?" என்கிறார் துணைக்கு இருக்கும் மகள்.

"அது இருக்கணும்மா. மருந்தை முழுசா உள்ள தள்ளிவிடுறதே அதுதான்."

போட்ட இடத்தைத் தேய்க்கவும் விடமாட்டார்; தேய்த்தால் கன்றிப்போகும். நாளைக்கு வயிற்றின் மறுபக்கம்.

புற்றுநோய் தானே ரத்தத்தை உறையத் தூண்டும். அறுவை அதைக் கூட்டும். அசையாமல் கிடந்தால் காலில் ரத்தம் தேங்கிக் கட்டியாகும். அது கழன்று, ஏற்கெனவே ஒரு பங்கை இழந்த நுரையீரலின் தமனியை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. அதற்குத்தான் இந்த ஊசி. இதன் மூதாதை ஹெபாரின்.

அது பிறந்ததே தலைகீழாக. 1916-இல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் ஜே மக்லீன் என்ற மருத்துவ மாணவர், பேராசிரியர் வில்லியம் ஹவல் சொன்னபடி, ரத்தத்தை உறைய வைக்கும் பொருளைத் தேடிக்கொண்டிருந்தார். நாயின் கல்லீரலிலிருந்து எடுத்த சாறு நாளாக ஆக உறைய வைக்கும் சக்தியை இழந்தது. பிறகு உறையாமலே தடுத்தது. பூனை ரத்தத்தில் அதைக் கலந்து ஹவலின் மேசையில் வைத்து, உறைந்ததும் கூப்பிடச் சொன்னதாகப் பிற்காலத்தில் மக்லீன் எழுதினார். கூப்பிட வேண்டி வரவே இல்லை.

கல்லீரலைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்து 1918-இல் ஹெபாரின் என்று பெயர் வைத்தவர் ஹவல். பெருமை யாருக்கு என்ற சண்டை வெகுகாலம் நடந்தது, அதை விட்டுவிடலாம்.

மருந்தாக்கியது டொராண்டோ. இன்சுலின் புகழ் சார்லஸ் பெஸ்ட்டின் குழு மாட்டுக் கல்லீரலில் தொடங்கியது. செல்லப்பிராணித் தீனிக்காரர்களும் அதையே வாங்கியதால் விலை ஏறியது. மாட்டு நுரையீரலுக்கு மாறினார்கள். அழுகவிட்டுப் பிரித்தெடுக்கும்போது கிளம்பிய நாற்றம் தாங்காமல் வேலையை ஊருக்கு வெளியே பண்ணைக்குக் கொண்டுபோனார்கள். கிரேக்கப் பெயர் அங்கே பொய்த்தது. தமிழில் பொய்க்கவில்லை, நுரையீரலும் ஈரல்தானே!

1930-களில் ஸ்டாக்ஹோமின் கிளாரன்ஸ் கிராஃபோர்ட், அறுவைக்குப் பின் ரத்தம் கட்டாமலிருக்க இதைக் கொடுத்துப் பார்த்த முன்னோடிகளில் ஒருவர். நுரையீரலையே அகற்றும் அறுவையைப் பற்றி 1938-இல் ஆய்வேடு எழுதியவரும் அவரே. ஆனால் அளவு கொஞ்சம் மிஞ்சினால் ரத்தம் கொட்டும் என்ற பயம் போகவில்லை. அதைத் தணித்தது 1975-இல் லண்டனில் வெளியான ஆய்வு. இந்தியாவில் பிறந்த விஜய் கக்கர் தலைமையில் 4,000-க்கும் மேற்பட்டோரிடம் நடந்தது. தோலுக்கடியில் குறைந்த அளவாக 5,000 யூனிட், எட்டு மணிக்கொரு தரம், ஒரு வாரம். நுரையீரல் அடைப்பால் இறந்தவர்கள், மருந்து பெறாத பாதியில் 16 பேர். பெற்ற பாதியில் 2 பேர்.

இன்று மூலப்பொருள் பெரும்பாலும் பன்றிக் குடல். அதிலிருந்து வரும் ஈனாக்சபரின்தான் சிஸ்டர் போட்ட ஊசி; பலருக்கு நாளுக்கு ஒன்றே போதும். வீடு திரும்பிய பிறகும் சிலருக்கு நான்கு வாரம் தொடரும்.

சிஸ்டர் மறுபடி வருகிறார். இரண்டு கெண்டைக்காலையும் தொட்டுப் பார்க்கிறார், வீக்கம் இல்லை. மார்பிலிருந்து வரும் குழாயின் பாட்டிலைத் தணித்துப் பிடித்துக்கொள்கிறார்.

"எழுந்திருங்கய்யா. அந்த ஜன்னல் வரைக்கும்தான்."