நான்காம் படியில் நின்ற ஹாபிட்: ஒரு விதியின் பூர்வ சரித்திரம்

'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' என்னும் பாத்திரமேற்று ஆடும் ஆட்டத்திலே, குள்ளர், எல்ஃப், ஹாபிட் முதலிய மானுடரல்லாத பாத்திரங்கள் ஒரு குறிப்பிட்ட படிக்கு மேல் ஏறலாகாது என்று விதித்ததன் காரணம் யாது என்ற வினாவுக்கு, ஆட்டக்காரர் பலரும் கூறும் விடை, அதன் ஆசிரியர் இருவருள் ஒருவரான கேரி கைகாக்ஸ் 1979-இல் வெளியான 'டன்ஜன் மாஸ்டர்ஸ் கைடு' நூலில் எழுதிய விளக்கத்தை அடியொற்றியதாகும். ஆட்டத்தின் உலகம் மானுட மையமானது. ஆடுவோர் மானுடராதலின் அவர்க்கு நன்கு பரிச்சயமான நோக்கும் அதுவே. அசுரப் பிறவியை ஏற்க விழைவோர் பெரும்பாலும் அதன் பலத்தையே விழைகின்றனர் என்பது அவர் வாதத்தின் சாரம். உண்மையில் அப்பகுதி அசுரரைப் பாத்திரமாக ஏற்பது பற்றியதேயன்றிப் படிவரம்பு பற்றியதன்று. ஆயினும் வரம்புக்கும் அதுவே ஹேது என்று பின்வந்தோர் கொண்டுவிட்டனர்.

சூத்திரம் செய்தவரே பாஷ்யமும் செய்துவிட்டால் அதனை மறுக்கத் துணிபவர் அரியர். எனினும், ஐந்தாண்டு கழித்து எழுதிய பாஷ்யம், சூத்திரம் பிறந்தபோது ஆசிரியர் மனத்தில் இருந்ததையே சொல்கிறது என்பதற்கு என்ன பிரமாணம்? இடைப்பட்ட ஆண்டுகளில் ஆட்டம் பெருகிற்று, விதிகளும் பெருகின, நடுவரை வாதத்தில் மடக்க முயலும் ஆட்டக்காரரும் பெருகியிருப்பர். 1979-இன் கைகாக்ஸ் அத்தகையோர்க்கு விடை சொல்கிறார் என்றும், 1974-இன் கைகாக்ஸ் அத்தகையோரை அறியார் என்றும் கொள்வதே எனக்குப் பொருத்தமாகப் படுகிறது.

1974-இல் (ஜனவரி என்பதில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு, நாள் எதுவென்பது இன்னும் தீர்ந்தபாடில்லை) விஸ்கான்ஸினின் லேக் ஜெனீவாவிலிருந்து வெளிவந்த மூன்று சிறு புத்தகங்களுள் முதலாவதான 'மென் அண்ட் மேஜிக்'கில் ஹாபிட்டைப் பற்றிய பத்தி மிகச் சிறியது. போர்வீரர் வகை ஒன்றே அதற்கு உரியது. நான்காம் படிக்கு மேல் ஏற்றமில்லை. மந்திரத்தைத் தாங்கும் ஆற்றல் குள்ளருக்குச் சமம். எறிபடையில் குறி தவறாமை 'செயின்மெய்ல்' நூலில் கண்டபடி. இவ்வளவே. இதில் நான்கு என்ற எண்ணுக்கு அருகே, பிறை வளைவுக்குள், 'ஹீரோ' என்ற பட்டமும் அச்சாகியிருக்கிறது. பலரும் மேலோட்டமாய்த் தாண்டிப்போன அந்த ஒரு சொல்லில்தான் விதியின் பூர்வ ஜன்மம் ஒளிந்திருக்கிறது என்பேன்.

'செயின்மெய்ல்' என்பது கைகாக்ஸும் ஜெஃப் பெர்ரனும் 1971-இல் வெளியிட்ட, மேஜைமேல் பொம்மைப் படைகளை நிறுத்திப் பொருதும் ஆட்டத்தின் விதிநூல். அதன் பிற்சேர்க்கையில் 'ஹீரோ' என்பவன் நான்கு வீரர்க்கு நிகர். 'சூப்பர்ஹீரோ' எட்டு வீரர்க்கு நிகர். 1974-இன் போர்வீரர் அட்டவணையிலும் நான்காம் படிக்கு 'ஹீரோ' என்றும், எட்டாம் படிக்கு 'சூப்பர்ஹீரோ' என்றுமே பெயர். ஆகவே, ஹாபிட் நான்கில் நிற்கும் என்பதற்கு, படைக்களத்து ஹாபிட் எவ்வளவு பெருமை எய்தினாலும் ஹீரோ அளவே எய்தும் என்பதே ஆதிப்பொருளாகலாம். எல்ஃபும் போர்வீரர் வகையில் அதே நான்கில்தான் நிறுத்தப்பட்டது.

மானுட மையக் கொள்கைக்கு இன்னும் பெரிய இடையூறு, ஹாபிட் பத்தியை அடுத்தே வருகிறது. ஆட்டக்காரர் ஏறத்தாழ எதுவாகவும் ஆடலாம், எளிய நிலையில் தொடங்கினால் போதும், டிராகனாக விரும்புவோர் இளம் டிராகனாகத் தொடங்கி ஏறுக என்று அங்கே அனுமதி வழங்கப்படுகிறது. ஹாபிட்டுக்கு நான்கு படி, டிராகனுக்கோ உச்சி வரை வழி! மானுடர் மேலாண்மையைக் காக்கவே வரம்பு வகுத்தவர், அடுத்த பத்தியிலேயே கோட்டைக் கதவைத் திறந்து விடுவாரா? இணையாசிரியரான டேவ் ஆர்னெஸனின் 'பிளாக்மூர்' ஆட்டத்தில் 'ஸர் ஃபாங்' என்னும் இரத்தக் காட்டேரி ஆட்டக்காரரின் பாத்திரமாகவே உலவியதையும், அதனை அடக்கவே 'கிளெரிக்' என்னும் பூசாரி வகை தோன்றிற்று என்று அக்குழுவினர் நினைவுகூர்வதையும் இங்கே சேர்த்தெண்ண வேண்டும்.

எண் எத்துணை உறுதியாக ஒட்டிக்கொண்டது என்பதற்குப் பாடபேதமே சாட்சி. ஹாபிட்டைப் படைத்த டோல்கீனின் நூல்களின் உரிமை பற்றிய ஆட்சேபம் எழுந்தபின், 1977-ஐ ஒட்டிய அச்சுகளில் 'ஹாபிட்' மறைந்து 'ஹாஃப்லிங்' வந்தது. 'என்ட்' 'டிரீயன்ட்' ஆயிற்று. பெயர் மாறியும் நான்கு மாறவில்லை. 1978-இன் 'பிளேயர்ஸ் ஹேண்ட்புக்'கிலும் ஹாஃப்லிங் போர்வீரருள் ஒரு சாராருக்கு அதுவே வரம்பு. 1981-இன் எளிய பதிப்பில் ஹாஃப்லிங்குக்கு எட்டு, குள்ளருக்குப் பன்னிரண்டு. ஹாஃப்லிங்கின் பழைய நான்கும் குள்ளரின் பழைய ஆறும் அப்படியே இரட்டித்திருக்கின்றன. இதைத் தற்செயல் என்று தள்ள எனக்கு மனம் வரவில்லை. எல்ஃபுக்குப் பத்து என்றிருப்பது என் கணக்கைக் கெடுப்பதையும் மறைக்க விரும்பவில்லை.

அதைவிடப் பெரிய முட்டுக்கட்டை குள்ளரின் ஆறு. அவ்வெண்ணுக்கு அருகே அச்சான பட்டம் 'மிர்மிடன்'. அது படைக்கள நூலில் இல்லாத பெயர், படி அட்டவணைக்காகப் புதிதாகச் சேர்ந்தது. ஹீரோவுக்கும் சூப்பர்ஹீரோவுக்கும் நட்டநடுவில் குள்ளரை நிறுத்தியது கணக்கா, கருணையா, அவசரமா என்று துணிய அச்சேறிய நூல்கள் இடம் தரவில்லை. 2000-இன் மூன்றாம் பதிப்பு படிவரம்பை முற்றிலும் நீக்கியபோது, ஆறும் நான்கோடு சேர்ந்தே போயிற்று.