மானாமதுரைக் கடமும் ஒரு மருமகளும்

கச்சேரியில் கடம் வாசிக்கிறவன் நான். கைத்தட்டல் எனக்குக் கிடைக்கிறது. என் கைக்கு வருமுன் அந்தப் பானையை ஆயிரக்கணக்கான தடவை தட்டியவர் யாரென்று எந்த சபா அழைப்பிதழும் சொல்வதில்லை. மானாமதுரைக் கடமாக இருந்தால், அது ஒரு பெண்ணின் கையாக இருக்கவும் கூடும்.

வைகைக் கரையில் உள்ள இந்த ஊரின் வேளார் குடும்பத்தினர் கடத்தை மட்டும் நம்பித் தொழிலில் இறங்கியவர்கள் அல்லர். சோற்றுப்பானை, குழம்புச்சட்டி, அகல், பொங்கல் பானை, அய்யனார் கோயில் புரவி என்று ஊருக்கு வேண்டியதையெல்லாம் செய்தார்கள். இதே வைகைக் கரையில், இதே சிவகங்கை மாவட்டத்தில்தான் அகழாய்வு நடந்த கீழடியும் இருக்கிறது. அங்கே கிடைத்த பானை ஓடுகளைக் காட்டி, அவற்றைச் செய்தவர்களின் நேர்வாரிசு இவர்கள் என்று மேடையில் முழங்குகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன். அலுமினியமும் எவர்சில்வரும் அடுப்படியைப் பிடித்துக்கொண்டதை என் வீட்டிலேயே பார்த்தவன் நான். உலோகத்தால் ஈடுகட்ட முடியாத பானை ஒன்று உண்டென்றால் அது கடம்தான்.

இங்கே கடம் செய்யும் குடும்பங்களில் பெயர் பெற்றது மீனாட்சி கேசவனுடையது. பரம்பரைத் தொழில் என்றால் தாத்தா, அப்பா, மகன் என்றுதான் சொல்லிப் பழகியிருக்கிறோம். இந்த வீட்டின் கணக்கில் நடுவே ஒரு மருமகளாக மீனாட்சி வருகிறார். கல்யாணமாகி வந்த வீட்டில் மாமனாரிடம் வேலை கற்றவர் அவர். 2014-ல் சங்கீத நாடக அகாதெமி விருதை, வாத்தியம் செய்தவராக, குடியரசுத் தலைவர் கையால் வாங்கினார். வாசிக்கிற எங்களில் பலருக்கு எட்டாத விருது அது!

வேலையைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பல கண்மாய்களின் மண்ணைக் கலந்து, வைகையின் நைசு மணல் சேர்த்து, காலால் மிதித்துப் பதப்படுத்துகிறார்கள். திருகையில் எழும்பி வரும்போது அது அடியில்லாத, தடித்த பானை. கொஞ்சம் இறுகியதும் ஒரு கை உள்ளே உருண்டைக் கல்லைப் பிடிக்க, மறு கை வெளியே மரப்பலகையால் தட்டத் தொடங்குகிறது. தட்டத் தட்ட வயிறு உப்புகிறது, அடி மூடிக்கொள்கிறது, சுவர் எங்கும் ஒரே கனமாகிறது. ஓரிடம் மெலிந்தால் அங்கே தட்டும்போது நாதம் நொண்டும். எங்கே மெலிந்திருக்கிறது என்று விரலுக்குத்தான் தெரியும். நிழலில் கொஞ்சம், வெயிலில் கொஞ்சமாக நாள்கணக்கில் காயவைத்து, காவி பூசிச் சூளையில் அடுக்குகிறார்கள்.

சுருதிதான் பெரிய வம்பு. பெரிய பானைக்குச் சுருதி இறங்கும், சின்னதற்கு ஏறும். ஆண் பாடகருக்கு ஒரு கட்டைச் சுருதி, பெண் பாடகருக்கு ஐந்து கட்டை என்று நாங்கள் கேட்போம். மண்ணோ சூளையில் இன்னும் சுருங்கும். அதையும் கணக்கில் வைத்துத்தான் பச்சைப் பானையைத் தட்ட வேண்டும். வெந்து வந்தபின் மிருதங்கத்தைப்போல வார் இழுத்துச் சேர்க்க வழியில்லை. உள்ளே கொஞ்சம் களிமண்ணை அப்பி ஒரு நூலளவு இறக்கலாம், அவ்வளவே. சேராதது வெறும் பானைதான்.

சென்னைக் கடம் லேசு, விரலுக்குச் சுகம். மானாமதுரைக் கடம் கனம்; மணிக்கட்டை வாங்கிவிடும். ஆனால் அந்தக் கணீர் வேறெதிலும் இல்லை என்பது என் கட்சி. கட வித்துவான் விக்கு விநாயக்ராம் 1970-களில் 'சக்தி' இசைக்குழுவோடு உலகம் சுற்றியபோது கடத்தின் பெயர் பரவியது. சுகன்யா ராம்கோபால் வெவ்வேறு சுருதிக் கடங்களை வரிசையாக வைத்து ராகமே வாசிக்கிறார். அப்படி ஒரு வரிசையைச் சேர்த்துத் தருகிறவரின் காது எப்பேர்ப்பட்டதாக இருக்க வேண்டும்!

2023-ல் மானாமதுரை மண்பாண்டத்துக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. பெயருக்குக் காவல் வந்தாயிற்று. கண்மாய் மண்ணுக்கும் வந்தால்தான் தொழில் நிலைக்கும்.

வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: மார்கழிக் கச்சேரிக்குக் கடம் வேண்டுமென்றால் ஆடி, ஆவணிக்குள் கட்டையைச் சொல்லி முன்பணம் கொடுத்துவிடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் பானை காயாது.