எலியின் வயிறும் நம் கேள்வியும்

சினைப்பைப் புற்று எப்படிப் பரவுகிறது? நீண்டகாலம் ஒரே பதில்தான். கட்டியிலிருந்து செல்கள் உதிரும், வயிற்றுநீரில் மிதக்கும், குடலைப் போர்த்தியிருக்கும் கொழுப்புத்திரையில் போய் ஒட்டும். ரத்தத்துக்கு இதில் பெரிய வேலையில்லை. இந்தக் கதையாடலுக்குச் சாட்சி சொல்ல எலியும் அழைத்துவரப்பட்டது. அந்தச் சாட்சி எப்படித் தயாரானது என்பதே என் அக்கறை.

1969இல் கோபன்ஹேகனில் ரைகார்டும் பவுல்சனும் தைமஸ் சுரப்பி இல்லாத, முடியற்ற சுண்டெலியில் மனிதப் புற்றை வளர்த்துக் காட்டினார்கள். அந்நிய செல்லை எதிர்க்கத் திராணியற்ற உடல் அது. எதிர்க்க முடியாத உடலே 'மாதிரி' உடலாயிற்று. 1973இல் நியூயார்க்கில் ஒரு பெண்ணின் வயிற்றுநீரிலிருந்து எடுத்த செல்கள், எஸ்.கே.ஓ.வி-3 என்ற குறியோடு ஆய்வகம் ஆய்வகமாகப் போயின. ஆய்வுக் கட்டுரைகளில் அந்தப் பெண் இல்லை, குறி இருக்கிறது.

இத்தகைய செல்களை எலியின் வயிற்றறைக்குள் ஊசியால் ஏற்றுவது வழக்கமானது. வயித்துல போட்டது வயித்துலதானே பரவும்? வயிற்றுநீர்வழிப் பரவல் பொய்யல்ல, நோயாளிகளிடம் கண்டதுதான். ஆனால் வேறு வழி உண்டா என்று அந்த ஊசியால் கேட்கவே முடியாது.

கேள்வியை மாற்றியபோது என்ன ஆனது? 2012இல் ஹூஸ்டனில் டைசர், பிடென் என்ற இரு மரபணுக்களை நீக்கிய எலிகளில் புற்று கருக்குழாயில் தொடங்கியது. சினைப்பையை எடுத்தும் வந்தது; கருக்குழாயை முன்கூட்டியே எடுத்தால் வரவில்லை. அப்படியானால் சினைப்பைக்கே அது பரவித்தான் வந்திருக்கிறது. நோயின் பெயரே ஆட்டம் காண்கிறது.

2013இல் 47 செல்வரிசைகளைச் சோதித்ததில், பெண்களை அதிகம் கொல்லும் வகையோடு எஸ்.கே.ஓ.வி-3 மரபணு அளவில் சரிவர ஒத்துப்போகவில்லை என்று தெரிந்தது. நாற்பது வருஷம் கழித்து!

2014இல், அதே ஹூஸ்டனில், இரண்டு எலிகளைத் தோலோடு தோல் தைத்து ரத்த ஓட்டத்தைப் பொதுவாக்கினார்கள். ஒன்றுக்கு மட்டும் புற்றுசெல் கொடுத்தார்கள். மற்றதன் கொழுப்புத்திரையிலும் புற்று முளைத்தது. ரத்தமும் ஒரு வழி. இங்கும் பயன்பட்டவை எஸ்.கே.ஓ.வி-3 வழிவந்த செல்களே. ஆக, குறை செல்லில் மட்டும் இல்லை. கேட்ட விதத்திலும் இருந்தது.

இது வெறும் முறையியல் சண்டையல்ல. வேறு காரணத்துக்காகக் கருப்பையை எடுக்கும்போது கருக்குழாய்களையும் சேர்த்து நீக்கலாம் என்று 2010இலேயே கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் பரிந்துரைத்தார்கள். பெண்களின் திசுக்களைக் கவனித்தவர்கள் எழுப்பிய சந்தேகம் அது. எலி பின்னால்தான் வந்து ஆமோதித்தது. அறிவியலைத் திட்டிவிட்டு ஒதுங்குவது சுலபம். எந்தக் கேள்விக்காக எந்த உடல் தேர்ந்தெடுக்கப்பட்டது என்று கட்டுரைக்குக் கட்டுரை விசாரிப்பதுதான் நாம் செய்யவேண்டிய வேலை.